மூளையில் மிச்சம் எவ்வளவு? என்.ஐ.சி.யூ. நர்ஸ்களுக்கு நிர்ஸ் மானிட்டர் பழகும் வழி

புதிதாக என்.ஐ.சி.யூ.வுக்கு, அதாவது பச்சிளம் குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு, வருகிற நர்ஸிடம் நிர்ஸ் (ஒளியை வைத்துத் திசுவின் ஆக்சிஜனை அளக்கும்) மானிட்டரைக் காட்டினால் முதலில் வரும் கேள்வி, "அதான் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் ஓடுதே, இது எதுக்கு இன்னொன்னு?" என்பதுதான். நியாயமான கேள்வி. ஒரு திரையில் 93, பக்கத்துத் திரையில் 68 என்று ஓடினால் யாராக இருந்தாலும் அந்த 68ஐப் பார்த்துக் கொஞ்சம் ஆடிப்போவார்கள். பெரும்பாலும் அந்த 68 நல்ல எண்தான்.

பல்ஸ் ஆக்ஸிமீட்டர் காட்டுவது கைக்கு வந்த சம்பளம். தமனி ரத்தம் எவ்வளவு ஆக்சிஜன் சுமந்து வருகிறது என்று மட்டும் சொல்லும். அது வீடு போய்ச் சேர்ந்ததா, வீட்டில் செலவு எவ்வளவு என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. நிர்ஸ் காட்டுவது செலவு போக மிச்சம். நெற்றியில் ஒட்டினால் மூளையின் மிச்சம், விலாவுக்குக் கீழே ஒட்டினால் சிறுநீரகத்தின் மிச்சம். மிச்சம் குறைந்தால் வரவு குறைந்திருக்கலாம், இல்லை செலவு ஏறியிருக்கலாம். ஷிப்ட் முழுக்க நாம் யோசிக்க வேண்டியது இந்த இரண்டில் எது என்பதைத்தான்.

கருவிக்குள் நடப்பது கொஞ்சம் தெரிந்திருந்தால் பாதிச் சந்தேகம் தானாகத் தீரும். 700 முதல் 1000 நானோமீட்டர் அலைநீளமுள்ள அகச்சிவப்பு ஒளி தோல், எலும்பு எல்லாவற்றையும் ஓரளவு தாண்டிப் போகும். ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபின் ஒரு அலைநீளத்தை அதிகம் விழுங்கும், ஆக்சிஜன் இறங்கியது வேறொன்றை அதிகம் விழுங்கும். இந்த ஒளியை வைத்து மண்டையைத் திறக்காமலே மூளையின் ஆக்சிஜனைக் கண்காணிக்கலாம் என்று ஃபிரான்ஸ் யோப்சிஸ் 1977இல் காட்டினார். இன்றைய சென்சாரில் ஒரு ஒளிமூலமும், பக்கத்தில் ஒன்று, தள்ளி ஒன்று என்று இரண்டு ஒளி உணரிகளும் இருக்கும். பக்கத்து உணரிக்கு வரும் ஒளி தோலையும் எலும்பையும் மட்டும் தொட்டுத் திரும்பியது, தள்ளி இருப்பதற்கு வருவது இன்னும் ஆழம் போய் வந்தது. முதலாவதைக் கழித்துவிட்டால் உள்ளே இருப்பது தெரியும்.

இரண்டு விஷயம் மனதில் நிற்கட்டும். ஒன்று, அந்தத் திசுவில் இருக்கும் ரத்தத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு சிரை ரத்தம், அதனால்தான் எண் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் காட்டும் எஸ்பிஓ2வை விடக் கீழே நிற்கிறது. இரண்டு, இதற்கு நாடித்துடிப்பு தேவையில்லை. கை கால் ஜில்லிட்டு, பல்ஸ் ஆக்ஸிமீட்டர் அலை பிடிக்காமல் தவிக்கும் நேரத்திலும், இதயம், நுரையீரலின் வேலையை வெளியே இருந்து செய்யும் எக்மோ கருவியில் துடிப்பில்லாமல் ரத்தம் ஓடும்போதும் இது வேலை செய்யும்.

ஒட்டும் முன்பும் ஒட்டும்போதும்

என் அனுபவத்தில் தப்பான எண்களில் பெரும்பாலானவை இங்கேதான் பிறக்கின்றன, அதனால் இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள்.

முதலில் சென்சாரின் அளவு. பெரியவர்களுக்கானது, குழந்தைகளுக்கானது, பச்சிளம் குழந்தைகளுக்கானது என்று தனித்தனியாக வரும். ஒரே நெற்றியில் மாற்றி மாற்றி வைத்தால் பச்சிளம் குழந்தை சென்சார், பெரியவர்கள் சென்சாரை விடச் சுமார் 10 எண் கூட்டிக் காட்டும். ஆராய்ச்சிக் கட்டுரைகளில் குறைமாதக் குழந்தைக்கு 55 முதல் 85 வரை சரி என்று படித்திருப்பீர்கள், அது பெரியவர்கள் சென்சாரை வைத்து எடுத்த கணக்கு. நம் கையில் இருப்பது பச்சிளம் குழந்தை சென்சார் என்றால் 58ஐப் பார்த்து "55க்கு மேலதானே இருக்கு" என்று நிம்மதியாக உட்கார முடியாது. கம்பெனி மாறினாலும் எண் மாறும். எனவே சார்ட்டில் எந்தக் கருவி, எந்த சென்சார், வலமா இடமா என்று முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள்.

இடம்: புருவத்துக்கு மேலே, முடி தொடங்குவதற்குக் கீழே, நெற்றியின் வலப்பக்கமோ இடப்பக்கமோ. நட்டநடுவில் வேண்டாம், அங்கே பெரிய சிரை ஓடுகிறது, மூளைத் திசுவின் கணக்கு கெட்டுப்போகும். உச்சிக்குழி மேல் வேண்டாம். பிரசவத்தில் தலையில் ரத்தம் கட்டியிருந்தால் அதன் மேல் கண்டிப்பாக வேண்டாம், அந்தத் தேங்கிய ரத்தத்தைத்தான் கருவி அளந்துகொண்டிருக்கும். முடி அடர்த்தியாக இருந்தாலும் ஒளியை விழுங்கிவிடும். 700 கிராம் குழந்தைக்கு இத்தனையும் சொல்லி இடம் தேடினால் நெற்றியே தீர்ந்துவிடும் என்பது எனக்கும் தெரியும், மூச்சுக்கு அழுத்தம் கொடுக்கும் சிபேப் கருவியின் தொப்பி வேறு பாதியை மூடியிருக்கும். அப்போது சென்சாரின் ஒளிமூலமும் உணரிகளும் இருக்கும் பகுதி மட்டுமாவது தோலோடு முழுசாகப் படிந்திருக்கிறதா என்று பாருங்கள், ஓரம் எங்கே போனாலும் பரவாயில்லை.

தோலைத் துடைப்பதற்கு வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த பஞ்சு போதும். மாவு போல் ஒட்டியிருக்கும் வெர்னிக்ஸை, ஒட்டும் இடத்தில் மட்டும் மெதுவாக எடுத்துவிட்டு, ஈரம் போக ஒற்றி எடுங்கள். ஸ்பிரிட் வேண்டாம். 28 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தையின் தோல் நனைந்த டிஷ்யூ பேப்பர் மாதிரி, பசையோடு சேர்ந்து அதுவும் வந்துவிடும். அதனால் பசைப்பக்கத்தை நேரடியாகத் தோலில் ஒட்டாமல் அடியில் தோலைக் காக்கும் மெல்லிய ஹைட்ரோகொலாய்டோ, ஒளி ஊடுருவும் ஃபிலிமோ வைக்கும் பழக்கம் பல இடங்களில் உண்டு. இன்னொரு வழி, பசையில்லாத சென்சாரை மெத்தென்ற எலாஸ்டிக் பட்டையால் பிடித்து வைப்பது. எது உங்கள் யூனிட் வழக்கமோ அதைச் செய்யுங்கள், ஆனால் ஒரே குழந்தைக்கு ஷிப்டுக்கு ஷிப்ட் மாற்றாதீர்கள். பட்டை கட்டினால் அடியில் சுண்டுவிரல் நுனி தாராளமாக நுழைய வேண்டும். இறுக்கினால் தழும்பு விழுவதோடு, அடியில் ரத்த ஓட்டம் குறைந்து எண்ணும் பொய் சொல்லும்.

கடைசியாக, மேலே மூடுங்கள். போட்டோதெரபி நீல விளக்கோ, பக்கத்து ரேடியன்ட் வார்மரோ, ஜன்னல் வெயிலோ சென்சாரின் ஓரம் வழியாக உள்ளே புகுந்தால் எண் தாறுமாறாகும். ஒளி புகாத சின்னத் துணி ஒன்று போதும். கேபிளை இன்குபேட்டர் கதவு இழுக்காத மாதிரி வளைத்து, படுக்கை விரிப்பில் ஒரு டேப் போட்டு நிறுத்துங்கள். குழந்தையைத் திருப்பும்போது முதலில் பிய்வது இந்தக் கேபிள்தான்.

பேஸ்லைன்

ஒட்டியதும் ஓடிவிடாதீர்கள். குழந்தை அமைதியாக, யாரும் தொடாமல் இருக்கும் பத்துப் பதினைந்து நிமிடம் பாருங்கள். அந்த நேரத்தில் எண் எங்கே நிற்கிறதோ அதுதான் இந்தக் குழந்தையின் பேஸ்லைன். கூடவே அதே நிமிடத்து எஸ்பிஓ2, கொடுக்கும் ஆக்சிஜன் சதவீதம், சராசரி ரத்த அழுத்தம், கடைசி பிசிஓ2 (ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு), கடைசி ஹீமோகுளோபின் எல்லாவற்றையும் எழுதுங்கள். இவை இல்லாமல் "நிர்ஸ் 70" என்று மட்டும் எழுதி வைத்தால் அடுத்த ஷிப்டுக்கு அது வெறும் லாட்டரி நம்பர்.

சென்சாரைக் கழற்றி மறுபடி ஒட்டினாலே, குழந்தையிடம் எதுவும் மாறாவிட்டாலும், நாலைந்து எண் இப்படி அப்படிப் போகும். ஆகவே இடம் மாற்றிய நேரத்தைக் குறித்து அங்கிருந்து புதுப் பேஸ்லைன் எடுங்கள். மாற்றிய கையோடு "காலையில 74, இப்ப 69, இறங்குது" என்று டாக்டரைக் கூப்பிட்டு நானே ஒருமுறை அசடு வழிந்திருக்கிறேன்.

இன்னும் ஒரு சின்னக் கணக்கு உதவும். எஸ்பிஓ2விலிருந்து நிர்ஸ் எண்ணைக் கழித்து, வருவதை எஸ்பிஓ2வால் வகுங்கள். திசு எத்தனை பங்கை எடுத்துக்கொள்கிறது என்று வரும், எஃப்டிஓஇ என்பார்கள். 93க்கு 71 என்றால் 22ஐ 93ஆல் வகுத்தால் 0.24, அதாவது வந்ததில் கால் பங்கு செலவாகிறது, சரி. அதே 93க்கு 52 என்றால் 0.44. வரவு மாறவில்லை, ஆனால் திசு பாதியை நெருங்கி உறிஞ்சுகிறது.

எண் இறங்கினால்

பேஸ்லைனிலிருந்து ஐந்தில் ஒரு பங்கு இறங்கி அங்கேயே நின்றாலோ, 50க்குக் கீழே போனாலோ பல யூனிட்களில் டாக்டரைக் கூப்பிடச் சொல்வார்கள். உங்கள் யூனிட்டின் எல்லை வேறாக இருந்தால் அதுதான் சட்டம். போனை எடுக்கும் முன் குழந்தையைப் பாருங்கள், அப்புறம் சென்சாரைப் பாருங்கள், அதற்கு அப்புறம்தான் திரை. குழந்தை நீலம் பாய்ந்து கிடந்தால் கேபிளை ஆராய்ந்துகொண்டு நிற்க வேண்டாம்.

சென்சார் சரியாகத்தான் இருக்கிறது என்றால், கடைசிப் பத்து நிமிடத்தில் என்ன நடந்தது என்று யோசியுங்கள். சக்ஷன் போட்டோமா, திருப்பிப் படுக்க வைத்தோமா, மருந்து மாறியதா, மூச்சு நின்று இதயத் துடிப்பு இறங்கியதா? தலை ஒரு பக்கமாக முறுக்கிக் கிடந்தால் கழுத்துச் சிரை நெருக்குண்டு ரத்தம் தேங்கும். முதல் மூன்று நாள் தலையை நேராக வைக்கச் சொல்வது இதனால்தான். தொப்புள் தமனிக் குழாயில் ரத்தம் எடுத்தீர்களா? வேகமாக இழுத்தால் மூளையின் எண் இறங்குவதைத் திரையிலேயே பார்க்கலாம், அதே அளவை 40 வினாடி எடுத்து மெதுவாக இழுத்தால் அந்தப் பள்ளம் வருவதில்லை. நிர்ஸ் எனக்குக் கற்றுத் தந்ததிலேயே கைக்கு நேரடியாக உதவியது இதுதான். சிரிஞ்சைப் பிடித்திருக்கும் கட்டைவிரல் இப்போது தானாகவே நிதானமாகிவிட்டது.

இப்படி வெளிப்படையான காரணம் இல்லாதபோது வரிசையாகப் போங்கள். எஸ்பிஓ2வும் சேர்ந்து இறங்கியிருந்தால் பிரச்சினை வரவில், நுரையீரல், டியூப், வென்டிலேட்டர் பக்கம் பாருங்கள். எஸ்பிஓ2 அசையாமல் மூளை எண் மட்டும் இறங்கினால் எனக்கு முதலில் வரும் சந்தேகம் கார்பன் டை ஆக்சைடு.

ஒரு இரவு ஷிப்டில் பார்த்தது: 26 வாரக் குழந்தை, 820 கிராம், நுரையீரலை விரிய வைக்கும் சர்ஃபாக்டன்ட் மருந்து கொடுத்து இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. எல்லாரும் சந்தோஷமாக இருந்தோம், ஆக்சிஜன் 45 சதவீதத்திலிருந்து 25க்கு வந்துவிட்டது, எஸ்பிஓ2 93இல் கோடு போட்ட மாதிரி நிற்கிறது. நிர்ஸ் மட்டும் 71லிருந்து 66, 60 என்று படிப்படியாக இறங்கி 52க்கு வந்தது. சென்சாரை அழுத்திப் பார்த்தேன், மூடியிருந்த துணியை எடுத்துப் பார்த்தேன், எல்லாம் சரி. அப்புறம்தான் மார்பைப் பார்த்தேன். அந்தச் சின்ன மார்பு ஒவ்வொரு மூச்சுக்கும் தேவைக்கு மேல் உப்பிக்கொண்டிருந்தது. சர்ஃபாக்டன்டால் நுரையீரல் இளகிவிட்டது, வென்டிலேட்டர் அழுத்தமோ பழைய அழுத்தமே. பிளட் கேஸ் (ரத்தத்தின் வாயு அளவுச் சோதனை) எடுத்தோம், பிசிஓ2 28. கார்பன் டை ஆக்சைடு அப்படி இறங்கினால் மூளையின் ரத்தக்குழாய்கள் சுருங்கும், ரத்த ஓட்டம் குறையும், மிச்சமும் குறையும். டாக்டர் அழுத்தத்தைக் குறைத்த அரைமணியில் எண் 60ஐத் தாண்டியது. நிர்ஸ் இல்லாமல் இருந்தால் அடுத்த பிளட் கேஸ் எடுக்கும் நேரம் வரை அந்த 93ஐப் பார்த்துத் திருப்தியாக இருந்திருப்போம்.

கார்பன் டை ஆக்சைடு சரியென்றால் ரத்த ஓட்டம். ரத்த அழுத்தம் இறங்கியதா, தோலை அழுத்தி விட்டால் நிறம் திரும்பும் நேரம் (கேபிலரி ரீஃபில்) நீள்கிறதா, சிறுநீர் குறைந்ததா, வென்டிலேட்டரின் சராசரி அழுத்தம் அதிகமாகி இதயத்துக்குத் திரும்பும் ரத்தத்தைத் தடுக்கிறதா? பிறந்தபின் மூட வேண்டிய டக்டஸ் என்ற ரத்தக்குழாய் மூடாமல் (பி.டி.ஏ.) பெரியதாக இருந்தால் ரத்தம் நுரையீரல் பக்கம் வழிந்து மூளை, சிறுநீரகம் இரண்டின் எண்ணும் இறங்கும். அடுத்து ஹீமோகுளோபின்: சுமக்க ஆளில்லாவிட்டால் வரவு எப்படி வரும், ரத்தம் ஏற்றினால் எண் ஏறுவதைப் பல குழந்தைகளிடம் பார்க்கலாம். வரவில் எல்லாம் ஒழுங்காக இருந்தால் கடைசியாகச் செலவு: வலி, காய்ச்சல், அழுகை, வலிப்பு. கண்ணுக்குத் தெரியாத வலிப்பும் உண்டு என்பதை மறக்க வேண்டாம்.

எண் மேலே போனால் நல்லதா?

இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். ஆக்சிஜன் தேவைக்கு மேல் கொடுத்தாலும், பிசிஓ2 ஏறி ரத்தக்குழாய்கள் விரிந்தாலும் எண் ஏறும். குறைமாதக் குழந்தைக்கு இரண்டுமே ஆகாது. மயக்க மருந்தில் இருந்தால் செலவு குறைந்து ஏறும், அது எதிர்பார்த்ததே.

பிறக்கும்போது மூச்சுத்திணறி, 33.5 டிகிரியில் 72 மணி நேரம் குளிர்விக்கப்படும் குழந்தையிடம் குளிர்ச்சியாலேயே எண் கொஞ்சம் மேலே இருக்கும். ஆனால் முதல் நாள் கடந்தபின் எண் 90ஐ ஒட்டி அசையாமல் நின்று, எஃப்டிஓஇ அடியில் கிடந்தால் அது பெரும்பாலும் நல்ல சேதி இல்லை. செலவழிக்க வேண்டிய செல்கள் செலவழிக்கவில்லை என்று அர்த்தமாகலாம். "நிர்ஸ் சூப்பரா இருக்கு" என்று பெற்றோரிடம் வாய்விட்டுவிடாதீர்கள். இன்னொன்று, சில கருவிகள் 95க்கு மேலும் 15க்குக் கீழும் காட்டவே காட்டாது. 95இல் ஒட்டிக்கொண்டு நின்றால் உண்மை எங்கே இருக்கிறதென்று திரைக்கே தெரியாது.

இரண்டாவது சென்சார்

வசதி இருந்தால் உடம்பிலும் ஒன்று வையுங்கள். சிறுநீரகத்துக்கு முதுகுப்பக்கம், கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், முதுகெலும்புக்குச் சற்றுத் தள்ளி. டயப்பர் விளிம்பு மேலே ஏறி அமுக்கிக் கெடுக்கும், அதனால் டயப்பரைக் கீழே மடித்துக் கட்டுங்கள். ஆரோக்கியமான குழந்தையிடம் இந்த எண் மூளையை விட 5 முதல் 15 வரை அதிகமாக இருக்கும். ரத்த ஓட்டம் நெருக்கடிக்கு வரும்போது உடம்பு மூளையைக் காப்பாற்றிவிட்டு மற்ற இடங்களுக்குக் குறைத்துக்கொள்ளும், அதனால் சிறுநீரக எண்தான் முதலில் சரியும். இரண்டுக்கும் நடுவில் இருந்த இடைவெளி சுருங்கி, பிறகு தலைகீழானால் ரத்த அழுத்தம் இன்னும் நார்மலாக இருந்தாலும் வாய் திறந்து சொல்லுங்கள். பெருந்தமனி குறுகல் உள்ள குழந்தைக்கு டக்டஸ் மூடத் தொடங்கும்போது மூளை எண் அப்படியே இருக்கச் சிறுநீரக எண் மட்டும் கீழே நழுவுவது இந்த வகைதான்.

வயிற்றில், தொப்புளுக்குக் கீழே ஒட்டுவதும் உண்டு. எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. குடல் அசையும், காற்று நிரம்பும், குழந்தையின் முதல் மலமான கரும்பச்சை மெக்கோனியம் ஒளியை விழுங்கும், எண் எலிவேட்டர் மாதிரி ஏறி இறங்கும். மணிக்கணக்கில் போக்கைப் பார்க்க உதவலாம், ஒற்றை எண்ணுக்கு ஓட வேண்டாம்.

இதை மாட்டினால் குழந்தை பிழைக்குமா?

நேர்மையாகச் சொன்னால், அதற்கு இன்னும் நிரூபணம் இல்லை. 28 வாரத்துக்கு முன் பிறந்த 166 குழந்தைகளை வைத்து 2015இல் வெளிவந்த சேஃப்பூஸ்-சி இரண்டாம் ஆய்வில், நிர்ஸைப் பார்த்து முதல் 72 மணி நேரம் சிகிச்சையைச் சரிசெய்ததால் மூளையின் ஆக்சிஜன் எல்லைக்கு வெளியே இருந்த நேரமும் அளவும் பாதிக்கு மேல் குறைந்தன. எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்தோம். ஆனால் 1601 குழந்தைகளோடு நடந்த மூன்றாம் ஆய்வு 2023இல் வந்தபோது, இறப்பு அல்லது கடுமையான மூளைக் காயம் நிர்ஸ் குழுவில் 35.2 சதவீதம், வழக்கமான கவனிப்பில் 34.0 சதவீதம். வித்தியாசம் இல்லை. அதே ஆண்டு வந்த காஸ்காட் மூன்றாம் ஆய்வு பிறந்த முதல் 15 நிமிடத்தில் நிர்ஸைப் பயன்படுத்தியது. மூளைக் காயமின்றிப் பிழைத்தவர்கள் நிர்ஸ் குழுவில் 82.9 சதவீதம், வழக்கமான கவனிப்பில் 78.5 சதவீதம் என்று கொஞ்சம் மேலே வந்தாலும் புள்ளியியல்படி உறுதி இல்லை.

ஆகவே எல்லாக் குழந்தைக்கும் மாட்டியே தீர வேண்டும் என்று நான் வாதாட மாட்டேன். இதயக் கோளாறு, எக்மோ, குளிர்விப்பு, நிலையில்லாத முதல் மூன்று நாள் என்று கேள்வி இருக்கும் இடத்தில் மாட்டுங்கள். பதில் தேடாத குழந்தைக்கு மாட்டினால் ஒரு அலாரமும் ஒரு தோல் காயமும்தான் மிச்சம்.

தோலும் கழற்றுவதும்

மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, மற்ற வேலைகளோடு சேர்த்து, சென்சாரின் ஓரத்தைத் தூக்கி அடியில் பாருங்கள். இதற்காகவே குழந்தையைத் தனியாக எழுப்ப வேண்டாம். தோல் சிவந்திருந்தால், விரல் வைத்து அழுத்தும்போது அந்தச் சிவப்பு மறைகிறதா என்று பாருங்கள், மறையவில்லை என்றால் இடத்தை மாற்றுங்கள். உடம்பு நீர் கோத்திருக்கும் குழந்தைக்கும், ரத்த அழுத்த மருந்து ஓடும் குழந்தைக்கும் இன்னும் அடிக்கடி.

கழற்றும்போது வெதுவெதுப்பான தண்ணீரால் பசையை நன்றாக ஊறவிட்டு, ஒரு கையால் தோலைத் தாங்கிப் பிடித்து, சென்சாரை மேல்நோக்கி இழுக்காமல் தோலோடு படிந்தவாறு மடக்கி மடக்கி எடுங்கள். ஒரு நிமிடத்தில் ஆகிற வேலையை ஐந்து நிமிடம் செய்யுங்கள். அதன்பின் நெற்றி எப்படி இருந்தது என்று சார்ட்டில் எழுதுங்கள்.

பக்கத்தில் அம்மா உட்கார்ந்திருந்தால் எப்படியும் கேட்பார், "சிஸ்டர், அந்த ரெண்டாவது நம்பர் ஏன் கம்மியாவே இருக்கு?" என்று. "அது தலைக்குப் போன ஆக்சிஜன்ல குழந்தை எடுத்துக்கிட்டது போக மீதிம்மா, அவ்வளவுதான் இருக்கணும்" என்று சொல்லுங்கள். அவர் அடுத்து எல்லை எவ்வளவு என்று கேட்டு, திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். மானிட்டரைக் கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, குழந்தையின் கையைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.